சீறும் இகுவானாவைப் புரிந்துகொள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

கடையிலிருந்து கொண்டுவந்த முதல் வாரம் கையில் எடுத்தால் அசையாமல் கிடந்த குட்டி, மூன்றாவது வாரத்தில் கூண்டுக் கதவைத் திறந்தாலே வாலால் விளாசுகிறது. இன்னொரு வீட்டில், மூன்று நான்கு வருடமாகத் தோளில் ஏறி உட்கார்ந்து பழகிய ஆண் இகுவானா திடீரென்று வீட்டு ஆட்களைத் துரத்த ஆரம்பிக்கிறது. இரண்டு வீட்டிலும் ஒரே பேச்சுதான்: "இதுக்குக் கோபம் வந்துடுச்சு." ஆனால் முதல் வீட்டில் நடப்பது பயம், இரண்டாவது வீட்டில் நடப்பது பருவம். பயந்த குட்டியிடம் பொறுமையாக நெருங்கிப் பழக வேண்டும். பருவத்தில் இருக்கும் ஆணிடம் அப்படி நெருங்கினால் கடி நிச்சயம்.

பச்சை இகுவானா என்ற இந்தப் பெரிய பல்லியின் சிடுசிடுப்புக்குப் பெரும்பாலும் ஐந்து காரணங்கள்தான் இருக்கும். கூண்டின் வெப்பமும் வெளிச்சமும் சரியில்லாதது, உடல் உபாதை, இனப்பெருக்கப் பருவம், மனிதர் மேலான பயம், இடத் தகராறு. இதே வரிசையில் சோதித்துக்கொண்டு போங்கள். பெரும்பாலோர் நேராக நான்காவதற்குப் போய்விடுகிறார்கள், கையில் எடுத்து எடுத்துப் பழக்கினால் சரியாகிவிடும் என்று. குளிரில் மந்தமாகிக் கிடக்கும் பிராணியையும், எலும்பு வலிக்கும் பிராணியையும் எவ்வளவு பழக்கினாலும் பலன் இருக்காது.

தொடங்கும் முன்: எப்படிப்பட்ட பிராணி இது

மெக்சிகோவிலிருந்து பிரேசில் வரை ஆற்றங்கரை மரங்களில் வாழும் இலைதின்னி இது. முழு வளர்ச்சியில் ஒன்றரை மீட்டர் நீளம் சாதாரணம், அதில் பாதிக்கு மேல் வால். நன்றாகப் பராமரித்தால் 15 வருடத்துக்கு மேலும் வாழும். கடையில் உள்ளங்கை நீளத்தில் பளிச்சென்ற பச்சையில் பார்க்கும் குட்டி இதுவாகத்தான் வளரும் என்று விற்பவர் சொல்வதில்லை.

காட்டில் இதைத் தின்னப் பல வாய்கள் காத்திருக்கின்றன. அதிலும் பருந்து இனப் பறவைகள் மேலிருந்து பாய்ந்து தூக்கும். அதனால் இகுவானாவின் உச்சந்தலையில் ஒரு சிறிய வெளிறிய செதில் போல மூன்றாவது கண் ஒன்று இருக்கிறது. அதற்கு உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். மேலே நிழல் கடந்தால் உடனே உடலுக்குச் செய்தி போய்விடும். நீங்கள் அன்போடு மேலிருந்து கையை இறக்கும்போது அந்தக் கண்ணுக்குத் தெரிவது இறங்கி வரும் ஒரு நிழல். வளர்ப்பில் நடக்கும் பாதிக் கலவரம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

நாய் பூனை போல இது பல்லாயிரம் வருடம் மனிதரோடு வாழ்ந்து பழகிய இனம் இல்லை. பண்ணையில் பிறந்த குட்டியும் உள்ளுக்குள் காட்டு விலங்குதான். பயம் அதற்குப் பிறவியிலேயே வருவது. நம்பிக்கை ஒவ்வொரு குட்டியிடமும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டியது.

முதல் வாரம் அசையாமல் கிடந்த குட்டிக்கு வருவோம். கடைகளில் பெரும்பாலும் போதிய வெப்பமும் யுவிபி (வெயிலில் உள்ள ஒரு வகைப் புற ஊதாக் கதிர்) வெளிச்சமும் இருப்பதில்லை. நெடும் பயணம், நீர் வற்றிய உடல், பட்டினி, பயம் எல்லாம் சேர்ந்து குட்டி உறைந்துபோயிருக்கும். அதைத்தான் "ரொம்ப சாது" என்று விற்கிறார்கள். உங்கள் வீட்டில் சூடும் தீனியும் கிடைத்ததும் உடம்பில் தெம்பு வருகிறது, எதிர்க்கத் தொடங்குகிறது. இப்படி இரண்டு மூன்று வாரத்தில் சீற ஆரம்பிக்கும் குட்டியைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள், அது தேறி வருகிறது. நன்றாக இருந்த பிராணி திடீரென்று சாதுவாகிக் கிடந்தால்தான் பதற வேண்டும்.

படி 1: உடம்பைப் படிக்கப் பழகுங்கள்

ஒரு வாரம் தொடாமல் பார்த்துக்கொண்டே இருங்கள். இகுவானா எச்சரிக்காமல் தாக்குவது மிக அரிது. எச்சரிக்கை நமக்குப் புரியாததால்தான் "சும்மா இருந்தது, திடீர்னு கடிச்சிடுச்சு" என்கிறோம்.

வால் வீச்சுக்கு முன்னால் நடப்பதைக் கிட்டத்தில் கவனியுங்கள். முதலில் தலை நின்றுவிடும், ஒரு கண் உங்கள் கைமேல் குத்திட்டு நிற்கும். அடுத்து உடம்பை உங்கள் பக்கமாகப் பக்கவாட்டில் திருப்பும், விலா இரண்டும் தட்டையாகி, நான்கு காலையும் ஊன்றி வயிற்றைத் தரையிலிருந்து தூக்கும். தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்கிறது. தாடைக்குக் கீழே மாட்டுக்கு இருப்பது போன்ற அலைதாடி முழுதும் விரிந்து கீழே இறங்கும், முதுகு முள்கள் நிமிரும். பிறகு வால் மெதுவாக ஒரு பக்கம் வளைந்து வில்லைப் போல நிற்கும், நுனி மட்டும் துடிக்கும். அந்த நுனித் துடிப்பு வரைக்கும் உங்களுக்கு அவகாசம் உண்டு. கையை அப்படியே நிறுத்தினால் பெரும்பாலும் அடி விழாது. முழு வளர்ந்த இகுவானாவின் வால் தோலில் வரிவரியாகத் தடிப்பு ஏற்றிவிடும், கண்ணில் பட்டால் ஆபத்து.

தலையாட்டலில் வகை உண்டு. நம் ஊர் ஓணான் வேலிமேல் நின்று தலையாட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும், இரண்டுமே இதே பாஷை பேசுபவை. மெதுவாக, ஓரிரு முறை மேலும் கீழும் ஆட்டினால் "நான் இங்கே இருக்கிறேன், இது என் இடம்" என்று பொருள். நீங்கள் அறைக்குள் வரும்போது ஒரு தடவை ஆட்டுவது அடையாளம் கண்டுகொண்டதற்கான சைகை, பயம் வேண்டாம். வேகமாக, படபடவென்று, தலையைப் பக்கவாட்டிலும் உதறி ஆட்டினால் கிட்டே போகாதீர்கள்.

அலைதாடியை மட்டும் தனியாக வைத்து முடிவு செய்யக் கூடாது. வெயில் காயும்போதும், சூட்டைத் தணிக்கவும், புதிய ஆளைக் கண்டதும், சில நேரம் காரணமே தெரியாமலும் அதை விரிக்கும். அலைதாடியோடு தட்டையான விலாவும் வளைந்த வாலும் சேர்ந்தால்தான் எச்சரிக்கை. வாய் திறப்பதும் அப்படித்தான். விளக்கடியில் உட்கார்ந்து நிதானமாக வாயைத் திறந்து வைத்திருந்தால் சூடு அதிகமாகிவிட்டது. உங்களைப் பார்த்துத் திறந்து நாக்கின் சிவப்பைக் காட்டினால் மிரட்டல். எந்தச் சூடும் மிரட்டலும் இல்லாமல் திறந்த வாயோடு, மூக்கிலோ வாயிலோ சளி வடிந்தால் நோய்.

கண் பற்றி ஒரு முக்கியமான தவறான எண்ணம் உண்டு. தடவிக் கொடுக்கும்போது கண்ணை மூடினால் சுகமாக ரசிக்கிறது என்று நினைக்கிறோம். பல சமயம் அது தாங்க முடியாத ஒன்றைப் பார்க்காமல் இருப்பதற்கான வழி. உங்கள் பக்கத்துக் கண்ணை மட்டும் மூடி மறு கண்ணைத் திறந்து வைத்திருந்தால் அனேகமாக அப்படித்தான். உடம்பு தளர்ந்து, கால்கள் பின்னோக்கி நீட்டி, மூச்சு சீராக இருந்து கண் மூடினால் நிஜமாகவே நிம்மதி. உடம்பு இறுகி, மூச்சு வேகமாகி, கண் மூடியிருந்தால் விட்டுவிடுங்கள்.

நிறமும் பேசும். விடியலில் உடம்பு கறுத்திருப்பது இயல்பு, கறுப்பு வெயிலை நன்றாக உறிஞ்சும். காலை பத்து மணிக்கு மேலும், நல்ல சூட்டில் இருந்தும் கறுத்தே இருந்தால் ஏதோ ஒரு மன அழுத்தமோ நோயோ உண்டு. தும்மி வெள்ளையாகத் தெளித்தால் கவலை வேண்டாம். உடலில் மிகுந்த உப்பை மூக்கின் வழியே வெளியேற்றும் சுரப்பி இதற்கு இருக்கிறது, அந்த உப்புதான் கண்ணாடியில் ஒட்டுவது.

படி 2: ஒரு நோட்டில் எழுதுங்கள்

இரண்டு வாரம் போதும். சீறிய நேரம், அப்போது கூண்டின் வெப்பம், யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன உடை, கடைசியாகத் தின்றது எப்போது, மலம் கழித்தது எப்போது. உடையை ஏன் எழுத வேண்டும் என்று தோன்றலாம். இகுவானாவுக்கு நிறம் நன்றாகத் தெரியும், குறிப்பிட்ட நிறச் சட்டையையோ தொப்பியையோ கண்டால் மட்டும் எகிறும் பிராணிகள் உண்டு. நோட்டு இல்லாமல் ஞாபகத்தை நம்பினால் கடி வாங்கிய நாள் மட்டுமே நினைவில் நிற்கும்.

படி 3: வெப்பமும் வெளிச்சமும்

இகுவானா தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. குளிர்ந்த உடம்பில் இலை செரிக்காது, தசை வேகமாக இயங்காது. தப்பி ஓட முடியாது என்று உணரும் பிராணி எதிர்த்து நிற்கத்தான் பார்க்கும். அதனால் முதல் வேலை வெப்பமானி வாங்குவது. கையால் தொட்டுப் பார்த்துச் சூடு சொல்லாதீர்கள்.

வெயில் காயும் கிளையின் மேற்பரப்பில் 35 முதல் 38 டிகிரி செல்சியஸ், கூண்டின் மற்ற பகுதியில் 27 முதல் 31, இரவில் 23க்குக் குறையாமல். கூண்டுக்குள் ஒரு சூடான கோடியும் ஒரு குளிர்ந்த கோடியும் கட்டாயம் வேண்டும், அது தானே நடந்து தேர்ந்தெடுத்துக்கொள்ள. சென்னையிலும் மதுரையிலும் சிக்கல் இரண்டு பக்கமும் வருகிறது. ஏசி அறையில் வைத்தால் இரவெல்லாம் உறைகிறது. மே மாதம் மேல்மாடி அறையில் விளக்கும் எரிந்தால் கூண்டு முழுதும் 40ஐத் தாண்டி, ஒதுங்க இடமில்லாமல் வாயைப் பிளக்கிறது. விளக்கோடு தெர்மோஸ்டாட் (சூடு அளவைத் தாண்டினால் தானே அணைக்கும் கருவி) இணையுங்கள். கோடையில் பகல் விளக்கை அணைத்தே வைக்கலாம், யுவிபி குழாய் மட்டும் எரியட்டும்.

சூடாகும் செயற்கைக் கல் விற்கிறார்கள், வாங்காதீர்கள். இகுவானா சூட்டை மேலிருந்து எதிர்பார்க்கும் பிராணி. வயிற்றுப் பக்கம் சுடுவதை உணர்ந்து விலகாமல் வெந்து புண்ணாகி நிற்பதை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

யுவிபி இல்லாவிட்டால் உடலில் வைட்டமின் டி3 உண்டாகாது, அது இல்லாவிட்டால் தின்ற கால்சியம் எலும்புக்குப் போகாது. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது, கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும். குழாய் விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் யுவிபி குறைந்துகொண்டே போகும். வகையைப் பொறுத்து 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்றுங்கள். நம் ஊரில் இருக்கும் வெயிலுக்குக் காலை ஏழரை, எட்டு மணிக்குக் கம்பிவலைக் கூண்டில் அரை மணி நேரம் வெளியே வைப்பதைவிட நல்ல விளக்கு எதுவும் இல்லை. நிழல் ஒரு பக்கம் இருக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

வெளியே வைக்கும்போது ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே கொஞ்சிய பிராணி வெயிலில் வேறு ஆளாகிவிடும். சூடு ஏறிய உடம்பில் வேகமும் துணிச்சலும் கூடும், மேலே காக்கையும் பருந்தும் வட்டமடிக்கும். அங்கே தூக்கிக் கொஞ்சப் பார்க்க வேண்டாம்.

உயரமும் இதோடு சேர்ந்ததுதான். தரையில் வைத்த கூண்டில் இருக்கும் இகுவானாவுக்கு வீட்டில் நடமாடும் எல்லோரும் மேலிருந்து பாய வருபவர்கள். உட்காரும் பலகை உங்கள் கண் மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்கும்படி கூண்டைத் தூக்கி வையுங்கள். வேறொன்றும் செய்யாமல் இதை மட்டும் செய்தாலே பல பிராணிகள் பாதி அடங்குகின்றன. ஒளிய ஓர் இடம், பின்பக்கமும் ஒரு பக்கமும் மறைப்பு, இவையும் வேண்டும்.

படி 4: உடல் உபாதை இருக்கிறதா?

கால்சியம் குறைவால் வரும் எலும்பு நோய்தான் வளர்ப்பு இகுவானாக்களில் அதிகம் காணப்படுவது. கீழ்த்தாடை ரப்பர் போல வளையும், முகம் உப்பும், தொடை கொழுத்தது போல வீங்கும், விரல்கள் துடிக்கும், ஏறிக்கொண்டிருந்த கிளையில் ஏற முடியாமல் வழுக்கும். தொடை உருண்டையாக இருப்பதைப் பார்த்து "நல்லா சாப்பிடுது" என்று மகிழ்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே எலும்பு நொறுங்கும் நிலையில் இருக்கும் அந்தப் பிராணியை இடுப்பில் பிடித்துத் தூக்கினால் கடிக்காமல் என்ன செய்யும்?

மலச்சிக்கல், சிறுநீர்ப்பைக் கல், வாய்ப்புண், வயதான பிராணிகளில் சிறுநீரகக் கோளாறு, இவற்றிலும் முதலில் தெரிவது சிடுசிடுப்புதான். குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் மட்டும் சீறினால் அந்த இடத்தில் வலி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாய்த் தீனி, முட்டை, இறைச்சி கொடுத்து வளர்த்த இகுவானாவுக்குச் சிறுநீரகம் கெடும் வாய்ப்பு அதிகம், இது சுத்த சைவப் பிராணி. நம் வீட்டருகே கிடைக்கும் முருங்கைக்கீரை, மல்பெரி இலை, செம்பருத்தி இலை, பரங்கிக்காய்த் துருவல் எல்லாம் நல்ல தீனி. பாலக்கீரையைத் தினமும் கொடுக்காதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஊர்வன பார்த்துப் பழகிய மருத்துவரை, பிரச்சினை வருவதற்கு முன்பே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நாய் பூனை மட்டும் பார்ப்பவரிடம் ஓடினால் இருவருக்கும் சங்கடம். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்துத் தொடங்கலாம். போகும்போது படி 2இல் எழுதிய நோட்டையும், விளக்கின் பெட்டியை எடுத்த புகைப்படத்தையும் கொண்டு போங்கள்.

படி 5: பருவம்

மழைக்காலம் நெருங்கும்போது நம் ஊர் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவந்து, ஒன்றையொன்று துரத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஆண் இகுவானாவுக்கும் வருடத்துக்கு ஒருமுறை அப்படி ஒரு காலம் உண்டு. ஒன்றரை, இரண்டு வயதிலிருந்து தொடங்கும். வட அரைக்கோளத்து வீடுகளில் பெரும்பாலும் குளிர் மாதங்களில் வருகிறது, அறையின் வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்து முன்பின் ஆகும். சில வாரங்களில் முடிவதும் உண்டு, மூன்று நான்கு மாதம் இழுப்பதும் உண்டு.

அடையாளங்கள் தெளிவானவை. முன்கால்களிலும் விலாவிலும் ஆரஞ்சு நிறம் ஏறும். தொடையின் அடிப்பக்கம் வரிசையாக இருக்கும் துளைகளிலிருந்து மெழுகு போன்ற பொருள் நீண்டு துருத்தும், போகிற இடமெல்லாம் அதைத் தேய்த்து எல்லை குறிக்கும். தீனி குறையும். தலையாட்டல் ஓயாது. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தோடு மணிக்கணக்கில் சண்டை போடும். வீட்டில் ஒருவரைப் போட்டியாளராகவும் இன்னொருவரைத் துணையாகவும் எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. வீட்டுப் பெண்களைக் குறிவைத்து ஆண் இகுவானாக்கள் பாய்ந்த சம்பவங்கள் மருத்துவர்களின் பதிவுகளிலேயே உண்டு. குடும்பத்தில் இதை வெட்கப்படாமல் பேசி வையுங்கள். மற்றவர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டால் காயப்படுவது அந்தப் பெண்தான்.

இந்தக் காலத்தில் பழக்கும் வேலையை நிறுத்துங்கள். தண்டிப்பதும், "யார் பெரியவன்" என்று அடக்கிப் பார்ப்பதும் கூடவே கூடாது. உடம்பில் ஹார்மோன் பொங்கும் ஆண் பின்வாங்காது, நீங்கள் அதன் எதிரி என்று மட்டும் பதிந்துவிடும். தோளிலோ முகத்துக்கு அருகிலோ ஏற்றாதீர்கள். கண்ணாடி, பளபளக்கும் அலமாரிக் கதவு எல்லாவற்றையும் துணியால் மறையுங்கள். கூண்டுக்குள் கை விட வேண்டிய வேலைகளை விடியலில், விளக்கு எரியத் தொடங்கும் முன், உடம்பு குளிர்ந்து மந்தமாக இருக்கும்போது முடித்துவிடுங்கள். முழுக்கைச் சட்டையும் தடித்த பேண்டும் போடுங்கள். ஒரு பழைய சுருட்டிய துண்டையோ பொம்மையையோ கூண்டில் போட்டால் பல ஆண்கள் தங்கள் வேகத்தை அதனிடம் தீர்த்துக்கொள்கின்றன. அந்தத் துண்டைத் துவைக்காமல் விட்டுவைப்பது நல்லது, அதன் வாசனை அதற்கு வேண்டும். விரைநீக்க அறுவை சிகிச்சை செய்தால் அடங்கிவிடும் என்று உறுதி சொல்ல முடியாது, வளர்ந்துவிட்ட ஆணில் பலன் பெரும்பாலும் குறைவு.

பருவம் முடிந்ததும் பழைய பிராணி திரும்பி வரும். அந்த நம்பிக்கையோடு காத்திருங்கள். இந்த இடைவெளியில்தான் பலர் மனம் உடைந்து கைவிடுகிறார்கள்.

பெண் இகுவானா ஆண் துணை இல்லாமலே முட்டையிடும், ஒரே தடவையில் 20 முதல் 70 வரை. முட்டை வளர வளர வயிறு புடைத்துத் தீனிக்கு இடமிருக்காது. கூண்டு மூலையைப் பறண்டும், அமைதியில்லாமல் சுற்றும், தொட்டால் சீறும். வயிற்றைத் தடவிப் பார்க்காதீர்கள். ஈரமண்ணும் மணலும் கலந்து ஓர் அடி ஆழத்துக்கு நிரப்பிய, உடம்பு முழுதும் நுழைந்து திரும்பக்கூடிய பெட்டி ஒன்றை இருட்டான இடத்தில் வையுங்கள். சாப்பிடாவிட்டாலும் துறுதுறுப்பாக இருந்தால் பொறுக்கலாம். துவண்டு கண் மூடிக் கிடந்தாலோ, முக்கி முக்கி ஒன்றும் வராவிட்டாலோ முட்டை அடைத்துக்கொண்டிருக்கும். அன்றே மருத்துவரிடம் போங்கள், மறுநாள் என்பது தாமதம்.

படி 6: பயத்தைக் குறைப்பது

முந்தைய மூன்று காரணங்களும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் இந்தப் படி.

முதல் கட்டத்தில் கூண்டருகே உட்காருங்கள், அவ்வளவுதான். படியுங்கள், போனில் பேசுங்கள், அதை உற்றுப் பார்க்காதீர்கள். நேருக்கு நேர் பார்ப்பது வேட்டையாடும் விலங்கின் பார்வை. நீங்கள் இருக்கும்போதே அது சாப்பிட ஆரம்பித்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். அதற்கு நாள்கணக்கும் ஆகும், மாதக்கணக்கும் ஆகும்.

அடுத்தது கை. பக்கவாட்டிலிருந்து, அதன் மார்பு மட்டத்துக்குக் கீழே, விரல்களை மடக்கி, மெதுவாக. விரல் நுனி நீட்டியிருந்தால் தீனி என்று கவ்வும். கையை வைத்துவிட்டு அசையாமல் இருங்கள். நாக்கை நீட்டி உங்கள் தோலைத் தொட்டால் வாசனை எடுத்துப் பதிவு செய்கிறது, அது நல்ல அறிகுறி. செம்பருத்திப் பூவை நான் நிறையப் பரிந்துரைப்பேன். சிவப்பு அதன் கண்ணை இழுக்கும், காம்பு நீளமாக இருப்பதால் விரலுக்கும் வாய்க்கும் நடுவே தூரம் கிடைக்கும். அது கழுத்தை நீட்டி இதழைக் கவ்வும்போது காம்பை விட்டுவிடுங்கள், இழுத்து விளையாட வேண்டாம். நாளைக்கு அதே நேரம், அதே பூ.

இடையில் வால் சுருண்டாலோ விலா தட்டையானாலோ கையை உதறி எடுக்காதீர்கள். அப்படியே நிறுத்துங்கள். உடம்பு தளரும் வரை காத்திருந்து, தளர்ந்ததும் மெதுவாக விலக்குங்கள். வாலை வீசினால் கை ஓடிவிடும் என்று ஒருமுறை கற்றுக்கொண்டால் அதையே தினமும் செய்யும். அதற்காக, திமிறத் திமிறப் பிடித்து வைத்து "சோர்ந்து அடங்கட்டும்" என்று காத்திருக்கும் முறையை நான் முழுதாக எதிர்க்கிறேன். அங்கே பிராணி அடங்குவதில்லை, உறைகிறது. மறுநாள் இன்னும் தூரத்திலேயே சீறத் தொடங்கும். அது எதிர்க்கும் புள்ளிக்கு ஓர் அடி முன்னாலேயே நிறுத்திக்கொள்வதுதான் இந்த வேலையின் சாரம்.

தூக்கும் கட்டம் வந்தால், ஒரு கை மார்புக்குக் கீழே, இன்னொரு கை பின்னங்கால்களுக்குக் கீழே. நான்கு பாதமும் எதையாவது பற்றியிருக்க வேண்டும். கால் அந்தரத்தில் தொங்கினால் பதறிப் புரளும். வாலைப் பிடிக்கவே கூடாது, வீட்டுப் பல்லி போல வாலைக் கழற்றிவிடும். திரும்ப முளைப்பது குட்டையாக, கறுத்து, பழைய அழகில்லாமல்தான் வரும். தடித்த தோல் கையுறையைத் தினசரிப் பழக்கத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். உங்கள் வாசனையே தெரியாமல் போகும், எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறீர்கள் என்று உங்களுக்கும் தெரியாது. பெரிய துண்டு போதும்.

முன்பு அடிபட்ட, பல கை மாறிய வளர்ந்த பிராணிக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். சில இகுவானாக்கள் கையில் ஏறுவதை எப்போதும் விரும்பாது. உங்கள் முன்னால் பயமில்லாமல் தின்று, வெயில் காய்ந்து, தூங்கினால் அந்தப் பிராணி நன்றாக வாழ்கிறது.

படி 7: இடத் தகராறு, மற்றவர்கள்

இரண்டு இகுவானாவை ஒரே கூண்டில் போடாதீர்கள். ஆண்கள் கிழித்துக்கொள்ளும். பெண்களிலும் குட்டிகளிலும் சண்டை கண்ணுக்குத் தெரியாது. வலுத்தது விளக்கடி இடத்தையும் தீனியையும் எடுத்துக்கொள்ளும், மற்றது மூலையில் கறுத்து, வளராமல் தேயும். "ரெண்டும் ஒன்னு மேல ஒன்னு படுத்து எவ்வளவு பாசமா இருக்கு" என்று தோன்றும் காட்சியில் மேலே இருப்பது கீழே இருப்பதன் வெயிலைப் பறித்துக்கொண்டிருக்கிறது.

நாய், பூனையின் பார்வை கூண்டில் படாமல் வையுங்கள். விருந்தாளிகள் வந்தால் காட்சிப் பொருளாக எடுத்துக் கைமாற்ற வேண்டாம். அறையின் சாமான்களை இடம் மாற்றினாலும் சில நாள் சீறும், அது தானாக அடங்கும்.

நலமான இகுவானாவின் குடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பெரியவர்கள் உள்ள வீட்டில் தொடாமல் இருப்பதே நல்லது. சமையலறைத் தொட்டியில் அதன் பாத்திரத்தைக் கழுவாதீர்கள்.

கடித்துவிட்டால்

இதன் பற்கள் சின்னச் சின்ன ரம்பம் போன்றவை, இலை அறுக்க அமைந்தவை. கவ்வியபின் நீங்கள் இழுத்தால் சதை கிழியும். இழுக்காதீர்கள். அதன் நான்கு காலும் தரையில் படும்படி இறக்கி, தலைமேல் ஒரு கறுத்த துணியைப் போட்டு மூடுங்கள். இருட்டானதும் பெரும்பாலும் விட்டுவிடும். விட்டதும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசி தேவைப்படலாம். ரேபிஸ் பாலூட்டிகளின் நோய், ஊர்வன அதைப் பரப்புவதில்லை, அதை நினைத்து நடுங்க வேண்டாம். விரல் மூட்டு, முகம், கண் இவற்றில் பட்ட காயத்தை வீட்டு வைத்தியத்தோடு விடாதீர்கள்.

பதிவும், வைத்துக்கொள்ள முடியாத நிலையும்

பச்சை இகுவானா, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம். 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 2024 பிப்ரவரியில் வந்த பதிவு விதிகளும் இந்தியாவில் இதை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. வாங்கும் முன்பே விற்பவரிடம் ஆவணம் கேளுங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள். விமான நிலையங்களில் பெட்டிக்குள் அடைபட்டுப் பிடிபடும் குட்டிகளைப் போலக் கடத்தி வரப்படுவதுதான் பெரும்பாலும் ஆவணமில்லாத சரக்கு. சிங்கப்பூரில் இருக்கும் தமிழர்களுக்கு: அங்கே வீட்டில் இகுவானா வளர்ப்பதே சட்டவிரோதம்.

எல்லாம் செய்தும் சமாளிக்க முடியவில்லை என்றால் ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ விட்டுவிடாதீர்கள். ஃபுளோரிடாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் தைவானிலும் அப்படி வெளியேறிய வளர்ப்புப் பிராணிகளின் வம்சம் பெருகி, தோட்டங்களையும் கரைகளையும் தோண்டி, இன்று அரசே கொன்று குறைக்கும் நிலைக்கு வந்திருக்கிறது. வனத்துறையிடமோ, ஊர்வன பராமரிக்கத் தெரிந்த மீட்பு அமைப்பிடமோ பேசி, பதிவை முறைப்படி மாற்றிக் கொடுங்கள். கொடுக்கும்போது அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள்: எந்த மாதம் பருவம் வருகிறது, எந்த நிறத்துக்கு எகிறும், எந்தப் பக்கமிருந்து கை நீட்டினால் பொறுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் புதிதாக எடுத்துக்கொள்பவருக்கு முதல் நாளிலிருந்தே தேவைப்படும்.